பிட்ஸ்பர்க், 1776: ஒரு நாவிதரை உருவாக்கிய கதை

அலெகெனி ஆறும் மொனொங்கஹேலா ஆறும் கூடி ஒஹையோ ஆறாகும் முனையில், 1764-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு சிறிய செங்கல் காவல் கட்டடம் இன்றும் நிற்கிறது. அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேற்றங்களின் மேற்கு விளிம்பாக ஒரு காலத்தில் இருந்த பிட் கோட்டையில் முழுதாக எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் குடியிருக்கும் நான், ஆண்டுக்கு ஆறேழு வார இறுதிகளில், இந்தப் பகுதியின் பழைய கோட்டைகளிலும் போர்க்களங்களிலும் நடக்கும் நிகழ்வுகளுக்குக் கையால் தைத்த லினன் சட்டையும் முழங்காலோடு முடியும் கால்சட்டையும் அணிந்து செல்கிறேன். 1776-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் பிட்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்த ஒரு நாவிதராகக் கூடாரத்தின் முன் அமர்ந்து, சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே வருகிறவர்களோடு பேசுகிறேன்.

இதை இங்கே ‘வாழும் வரலாறு’ என்று அழைக்கிறார்கள். இதில் ஈடுபடும் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். நாடகப் பாத்திரத்துக்கு ஆசிரியர் எழுதிக் கொடுத்த வசனம் இருக்கும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும், அந்தக் காலத்தில் அந்த மனிதர் எதைச் சொல்லியிருக்க முடியுமோ அதை மட்டுமே சொல்லும் அளவுக்கு அந்த வாழ்க்கையை நாமே கட்டி எழுப்ப வேண்டும். அப்படி ஒரு மனிதரை உருவாக்க எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அவற்றில் முதல் ஒன்றரை ஆண்டு முழுவதும் வீணாயிற்று என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நான் உடைகளை வாங்கினேன். நிகழ்வுகளுக்கு வந்து கடை விரிக்கும் வணிகர் ஒருவரிடம் ஓரமெல்லாம் தோல் குஞ்சம் தொங்கும் மான்தோல் சட்டை, ரக்கூன் தோல் தொப்பி, பெரிய கத்தி, மணிகள் கோத்த பை என்று கண்ணைக் கவர்ந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு குழுவின் முகாமுக்குப் போனேன். அந்தக் குழுவின் மூத்தவர், முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருபவர், என் உடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நீங்கள் யார்? எந்த ஊர்? இது எந்த ஆண்டு?” என்று மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார். “எல்லைப்புறத்தான்” என்று சொன்னேன். எந்த எல்லை என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வாங்கியிருந்தவற்றில் பெரும்பகுதி, 1825-க்கும் 1840-க்கும் இடையே ராக்கி மலைகளில் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலுக்காகப் பொறிவைத்துத் திரிந்தவர்களின் கோலம் என்பதையும், நான் நின்றுகொண்டிருந்த முகாம் அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல்கள் கிழக்கே உள்ளது என்பதையும் அன்று மாலைதான் அறிந்தேன். அமெரிக்காவில் எல்லைப்புறம் என்பது ஒரே இடமாக நின்றதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை மேற்கே நகர்ந்துகொண்டே போன கோடு அது. ஆகவே இடமும் ஆண்டும் முடிவாகாமல் ஊசி வாங்கினால்கூட அது தவறான ஊசியாக இருக்க வாய்ப்புண்டு. இன்று புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால், ஓராண்டுக்கு எதையும் வாங்காதீர்கள், குழுவில் இரவல் வாங்கி உடுத்துங்கள், அந்தப் பணத்தில் புத்தகங்களும் ஆவணப் படிகளும் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது சிக்கல் என் தோலின் நிறத்தைப் பற்றியது. நல்லெண்ணத்தோடுதான் சிலர் சொன்னார்கள்: “நீங்கள் ஷானி இனத்தவராக வரலாமே, பொருத்தமாக இருக்கும்.” நானும் ‘இந்தியன்’, அவர்களும் அந்நாளைய ஆவணங்களில் ‘இந்தியர்’ என்பதைத் தவிர அந்தப் பொருத்தத்துக்கு வேறு அடிப்படை இல்லை. ஒஹையோ பள்ளத்தாக்கு ஷானி, லெனாபே, செனகா என்ற பூர்வகுடி மக்களின் நாடு. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஓக்லஹோமாவிலும் நியூயார்க்கிலும் கனடாவிலும் தம் மொழியோடும் சடங்குகளோடும் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோரைப் பற்றிப் பேச அவர்களே வருகிறார்கள். அந்த உடையை நான் எடுத்து அணிவது, ஏற்கெனவே நிலத்தை இழந்தவர்களிடமிருந்து இன்னொன்றையும் எடுப்பதாகும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் ஸ்காட்லாந்து, ஐரிஷ், ஜெர்மன் வேர்கள் கொண்ட நண்பர்கள் தங்கள் பெயரிலேயே ஒரு குடியானவராகவோ வணிகராகவோ வந்து நிற்கும்போது, எனக்கு அந்தக் காலத்தில் இடமே இல்லையோ என்ற கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

விடை ஒரு விளம்பரத்தில் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் எளிய மனிதர்களைத் தேடுகிறவர்களுக்கு, ஓடிப்போன பணியாளர்களையும் அடிமைகளையும் பிடித்துத் தரக் கேட்டு எசமானர்கள் செய்தித்தாள்களில் வெளியிட்ட விளம்பரங்களைப் போன்ற புதையல் வேறில்லை. செல்வந்தர்களின் உருவம் ஓவியங்களில் இருக்கிறது. ஏழையின் சட்டை எந்தத் துணி, பொத்தான் எந்த உலோகம், தலைமுடியை எப்படிக் கட்டியிருந்தார், எந்த மொழியில் தடுமாறினார், எந்தத் தொழில் தெரியும் என்பதெல்லாம் அவரை அடையாளம் காட்டிக் கொடுப்பதற்காக எழுதிய அந்தப் பத்து வரிகளில்தான் இருக்கிறது. கொடுமையான நோக்கத்தோடு எழுதப்பட்டவை என்பதாலேயே அவை துல்லியமாக இருக்கின்றன. 1776 ஜூலையில் ‘வர்ஜீனியா கெஜட்’ இதழில் வந்த ஒரு விளம்பரம், ஜான் நியூட்டன் என்ற பணியாளரைத் தேடுகிறது. வயது ஏறத்தாழ இருபது. பிறப்பால் ஆசிய இந்தியர். இங்கிலாந்தில் பத்து ஆண்டுகள் பணியிலிருந்துவிட்டு வர்ஜீனியாவுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. சுருளும் தன்மையுள்ள நீண்ட கறுத்த முடியைப் பின்னால் கட்டியிருப்பார். நல்ல நாவிதர், சிகை ஒப்பனை தெரிந்தவர், அந்தத் தொழிலைச் செய்துகொண்டு சுதந்திர மனிதராக வாழ முயலக்கூடும். நள்ளிரவில் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தேடத் தேட அவர் தனியானவர் அல்லர் என்று தெரிந்தது. 1635-ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியாவின் நிலப் பதிவொன்றில் ‘கிழக்கிந்தியன் டோனி’ என்று ஒருவர் குறிக்கப்பட்டிருக்கிறார். 1768-இல் தாமஸ் கிரீனிச் என்ற கிழக்கிந்தியர் ஓடிப்போனதாக ஒரு விளம்பரம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் கப்பல் தலைவர்களும் சென்னப்பட்டணத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் சிறுவர்களை வேலைக்காரர்களாக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் சிலர் அங்கிருந்து கடல் தாண்டி வர்ஜீனியாவுக்கும் மேரிலாந்துக்கும் வந்து சேர்ந்தார்கள். வந்த பிறகு அவர்களை என்னவென்று பதிவதென்று எழுத்தருக்கே தெளிவில்லை. ஓரிடத்தில் ‘இந்தியன்’, ஓரிடத்தில் ‘நீக்ரோ’, ஓரிடத்தில் ‘முலாட்டோ’ (கலப்பினத்தவர்) என்று எழுதினார்கள். அந்தச் சொல்லைப் பொறுத்து ஒருவர் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு விடுபடும் ஒப்பந்தப் பணியாளரா, வாழ்நாள் அடிமையா என்பதே தீர்மானமானது.

உடனே ஜான் நியூட்டனாகவே நான் வந்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். மூத்தவர் தடுத்தார். பெயரோடு பதிவான ஒரு மனிதரை எடுத்துக்கொண்டால், அவரைப் பற்றித் தெரிந்த பத்து வரிகளுக்கு அப்பால் நாம் சொல்லும் ஒவ்வொன்றும் ஒரு உண்மையான மனிதரின் வாயில் பொய்யை வைப்பதாகும் என்றார். அவரைப் போன்ற பலரின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, அவர்களிடையே இருந்திருக்கக்கூடிய பெயரற்ற ஒருவரை உருவாக்குவதுதான் முறை. அப்படித்தான் வில்லியம் உருவானார். சோழமண்டலக் கரையில் பிறப்பு, எட்டு வயதில் லண்டன், நாவிதத் தொழில், இருபதில் வர்ஜீனியா.

அவரைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொண்டுவருவதில்தான் என் பெரிய தவறு நடந்தது. எசமானரிடமிருந்து தப்பி, பிரிட்டிஷ் தளபதி ப்ராடக்கின் படை 1755-இல் வெட்டிய பாதையில் மலைகளைக் கடந்து, வர்ஜீனியாவின் கை எட்டாத பிட்ஸ்பர்க்கில் ஒளிந்துகொண்டார் என்று அழகாக ஒரு கதை எழுதி, ஒரு நிகழ்வு முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்வையாளராக வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வர்ஜீனியாவிலிருந்து தப்பிய ஆள் வர்ஜீனியாவின் நீதிமன்றம் நடக்கும் ஊருக்கு ஏன் வர வேண்டும்?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. ஒஹையோவின் முனை தங்களுடையது என்று பென்சில்வேனியாவும் வர்ஜீனியாவும் அப்போது சண்டையிட்டுக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் படை 1772-இல் கைவிட்டுப் போன கோட்டையை 1774-இல் வர்ஜீனியா ஆளுநரின் ஆட்கள் கைப்பற்றி டன்மோர் கோட்டை என்று பெயரிட்டார்கள். 1775 பிப்ரவரியில் வர்ஜீனியாவின் நீதிமன்றம் அங்கேயே கூடியது. 1776-இல் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தவர்களும் வர்ஜீனியப் படையினர்தான். என் வில்லியம் புலியிடமிருந்து தப்பிப் புலிக்குகைக்குள் வந்திருந்தார்.

இரண்டு மாதங்கள் அந்தக் கதையை மூடி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். என் கதைக்கு ஏற்ற ஊரைத் தேடாமல், ஊரின் நடப்புக்குள் இப்படி ஒரு மனிதர் வந்திருக்கக்கூடிய வாசலைத் தேடினேன். 1776 அக்டோபரில், பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பொது அவையான காங்கிரசின் ஆணையர்கள் பிட் கோட்டையில் லெனாபே, ஷானி முதலிய நாடுகளின் தலைவர்களைச் சந்தித்து, போரில் அவர்கள் எந்தப் பக்கமும் சேராமல் இருக்க வேண்டும் என்று பேசினார்கள். பெரிய மனிதர்கள் கூடும் இடத்துக்கு எழுத்தர்களும் பணியாளர்களும் வருவார்கள். பெரிய மனிதர்களுக்கு முகச்சவரமும் சிகை ஒப்பனையும் வேண்டும். ஆகவே வில்லியம் இப்போது ஓடிவந்தவர் அல்லர். இன்னும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் மீதமுள்ள பணியாளராக, ஓர் எழுத்தரின் மூட்டை முடிச்சுகளோடு, கம்பர்லேண்ட் கோட்டை வழியாகக் குதிரையின் பின்னால் நடந்து வந்தவர். பழைய கதையில் இருந்த வீரம் இதில் இல்லை. ஆனால் எந்தக் கேள்வி வந்தாலும் இது தாங்குகிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். பாத்திரத்தைப் பற்றி நான் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் அதில் ஒரு வரி. அந்தக் காலத்து ஆவணத்தில் நேரடியாகக் கண்டது நீல மையில். பல ஆவணங்களை வைத்து ஊகித்தது சிவப்பு மையில். ஆவணம் இல்லாமல் நானே சேர்த்தது பென்சிலில். ஒரு பக்கத்தில் பென்சில் வரிகள் அதிகமாகத் தென்பட்டால், அந்தப் பக்கத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. இதைவிட எளிய கருவியை எனக்குத் தெரியாது; இதைவிடப் பயன்பட்டதும் இல்லை. உதாரணமாக, ‘நகரம்’ என்று நான் வாய்தவறிச் சொல்லிவந்த பிட்ஸ்பர்க்கைப் பற்றிய நீல வரி, 1770-இல் இங்கு வந்த ஜார்ஜ் வாஷிங்டனின் நாட்குறிப்பிலிருந்து எடுத்தது: கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி ஏறத்தாழ இருபது மரக்கட்டை வீடுகள், அவற்றில் பூர்வகுடிகளோடு வணிகம் செய்பவர்கள் குடியிருப்பு. அதைப் படித்த பிறகு நகரம் என்ற சொல் தானாகவே விழுந்துவிட்டது.

பென்சில் வரிகளில் எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒன்றை நானே அழித்ததையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரத்து லுத்தரன் நிறுவனம்தான் ஒரு பக்கம் தரங்கம்பாடி மிஷனுக்கும் மறுபக்கம் பென்சில்வேனியாவின் ஜெர்மன் சபைகளுக்கும் போதகர்களை அனுப்பியது. அப்படியானால் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்ற சிறுவன் ஒருவன் பென்சில்வேனியா மலைப்பாதையில் ஒரு ஜெர்மன் குடியானவரின் வீட்டில் தான் தமிழில் கேட்ட அதே பாடலின் மெட்டைக் கேட்கிறான் என்று ஒரு காட்சி மனத்தில் விரிந்தது. அதை எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் சோழமண்டலக் கரையில் பிறந்தவர் பிட்ஸ்பர்க்கில் நிற்பதே கேட்பவர் எளிதில் நம்பாத செய்தி; அதன்மேல் இன்னொரு அற்புதத்தை ஏற்றினால் முதலாவதையும் நம்பமாட்டார்கள். ஒரு பாத்திரத்துக்கு ஒரு வியப்பு போதும். மற்றதெல்லாம் அந்தக் காலத்துப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இருந்ததைப்போலச் சாதாரணமாக இருக்க வேண்டும்.

உடைக்கு வருகிறேன். வில்லியமிடம் இருப்பவை: இரண்டு சட்டைகள், ஒரு மேலங்கி, ஒரு கையில்லா உள்ளங்கி, ஒரு கால்சட்டை, இரண்டு இணை கம்பளிக் காலுறைகள், கொக்கி வைத்த காலணிகள், ஒரு கம்பளித் தொப்பி, கழுத்தில் கட்டும் ஒரு துண்டு. அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சட்டையில் வளைவான வெட்டே கிடையாது. துணி விலை உயர்ந்தது என்பதால் ஒரு நூலும் வீணாகாதபடி சதுரமும் நீள்சதுரமுமாக வெட்டி, கை அசைவதற்கு அக்குளில் ஒரு சதுரத் துண்டை வைத்துத் தைப்பார்கள். என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு மூன்று மாதம் தங்கியிருந்தபோது, “வீட்ல மிஷின் சும்மா கெடக்கு, நீ ஏம்ப்பா கையில தைக்கிற?” என்று கேட்டபடியே என் தையலை வாங்கிப் பார்த்தார். பிறகு ஊசியை என்னிடம் திருப்பித் தரவில்லை. சிறுவயதில் பாட்டியிடம் கற்ற காஜா எடுப்பை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் சட்டையின் மணிக்கட்டில் உள்ள இரண்டு காஜாக்களும் அவர் கையால் ஆனவை. எங்கள் குழுவில் தையலில் கைதேர்ந்த பெண்மணி அவற்றைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவரை அழைத்துவர முடியுமா என்று கேட்டார்.

கழுத்துத் துண்டு என் பாத்திரத்தின் உயிர் என்று நினைக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்த கட்டம்போட்ட, சாயமிட்ட கைக்குட்டைகள் அன்றைய அமெரிக்கக் கடைகளின் பட்டியல்களில் பந்தனா, ரொமால் என்ற பெயர்களில் சாதாரணமாகக் காணப்படுகின்றன. பழவேற்காட்டிலிருந்து போனவற்றுக்கு அந்த ஊரின் பெயரே ஆங்கிலத்தில் துணியின் பெயராக நிலைத்துவிட்டது. குடியானவரும் வணிகரும் படகோட்டியும் அதைக் கட்டினார்கள். ஆகவே வில்லியம் கட்டியிருக்கும் துண்டில் யாருக்கும் எந்தப் புதுமையும் தெரியாது. அது தன் கரையிலிருந்து வந்தது என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். பார்வையாளர் கேட்டாலொழிய நான் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

காலணிக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்தக் காலத்துக் காலணிகள் இடம், வலம் என்ற வேறுபாடு இல்லாமல் நேர் அச்சில் செய்யப்பட்டவை; பழகச் சில வாரங்கள் பிடிக்கும். புதுக் காலணியோடு நேராக நிகழ்வுக்குப் போய் முதல் நாளே குதிகால் கொப்பளித்து, மறுநாள் முழுவதும் கூடாரத்துக்குள் கிடந்தேன். மூக்குக்கண்ணாடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உச்சி முதல் உள்ளங்கால்வரை சரியாக உடுத்தியவரை ஒரு நவீனக் கண்ணாடிச் சட்டகம் ஒரே நொடியில் கலைத்துவிடும். நான் விழிவில்லைக்கு மாறினேன்.

உடையைவிடக் கைத்தொழில் முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. நாவிதராக வந்துவிட்டுச் சவரம் செய்யத் தெரியாதவரின் எந்தப் பேச்சும் எடுபடாது. சோப்பு நுரை தடவிய பலூனில் கத்தியை ஓட்டப் பழகுவது இங்கே முடிதிருத்துவோர் பயிற்சியில் வழக்கம், அப்படியே தொடங்கினேன். எத்தனை பலூன்கள் வெடித்தன என்று கணக்கில்லை. பிறகு என் முன்கை, பிறகு என் கன்னம், ஓராண்டு கழித்து நம்பிக் கழுத்தைக் கொடுத்த ஒரு நண்பர். இப்போது நிகழ்வுகளில் எங்கள் குழுவைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சவரம் செய்கிறேன். பார்வையாளர்மேல் கத்தி படக்கூடாது என்பது நான் போகும் இடங்களில் விதி, அது நியாயமான விதி. கத்தியைக் கிருமிநீக்கம் செய்வது கூடாரத்தின் பின்னால் நடக்கும். கழுத்துக்குப் பொருந்த விளிம்பில் பிறைபோல வெட்டிய கிண்ணம், உருண்டைச் சோப்பு, பன்றிக் கொழுப்பில் செய்த தலைப்பூச்சு, மாவுப்பொடி இவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மக்கள் கேட்கும் கேள்விகள் உடையைப் பார்த்துக் கேட்பவற்றைவிட ஆழமாக இருக்கின்றன. சவரத்துக்கு என்ன கூலி என்று கேட்டால், “வர்ஜீனியாக் கணக்கா, பென்சில்வேனியாக் கணக்கா?” என்று வில்லியம் திருப்பிக் கேட்பார். ஒரே ஸ்பானிய வெள்ளி டாலர் வர்ஜீனியாவில் ஆறு ஷில்லிங்குக்கும் பென்சில்வேனியாவில் ஏழரை ஷில்லிங்குக்கும் சமம்; இரண்டு அரசுகளும் உரிமை கோரிய ஊரில் எந்தக் கணக்கு என்று முதலில் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. நிலத் தகராறு என்ற பெரிய செய்தியை இந்த ஒரு கேள்வி வழியாகச் சிறுவர்கள்கூடப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஊரில் என் உறவினர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, போயும் போயும் இந்தத் தொழிலையா தேர்ந்தெடுத்தாய், ஒரு படைவீரனாக இருந்திருக்கலாமே என்று வருத்தப்பட்டார். நம் ஊரில் அந்தத் தொழிலோடு ஒட்டவைத்த சாதி இழிவை அவர் கடல் தாண்டியும் காண்கிறார் என்பது எனக்கு வலித்தது. அந்த விளம்பரத்தை அவருக்குத் தமிழில் எழுதி அனுப்பினேன்: யாருடைய உடைமையாகவோ கருதப்பட்ட ஒருவர் சுதந்திர மனிதராக வாழ நம்பியிருந்த ஒரே மூலதனம் அந்தத் தொழில்தான் என்று அதில் இருக்கிறது. அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாத்திரத்துக்கு எது தெரியும் என்பதைப் போலவே எது தெரியாது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1776 அக்டோபரில் வில்லியமுக்குப் போரின் முடிவு தெரியாது. அங்கே தான் சந்தித்த தலைவர்களின் மக்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் என்ன நேரும் என்பதும் தெரியாது. ஆனால் பார்வையாளர்கள் இன்றைய அறிவோடு வருகிறார்கள். பிட் கோட்டை என்றாலே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரியம்மைப் போர்வைகளைப் பற்றியது. 1763 ஜூனில், கோட்டை முற்றுகையில் இருந்தபோது பேச வந்த லெனாபே தூதர்களிடம், பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் கொடுத்ததாக, உள்ளே இருந்த வணிகர் வில்லியம் ட்ரென்ட் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். என் வில்லியம் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, வெளியூரிலிருந்து வந்தவர். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தொடக்கத்தில் நான் பாத்திரத்திலேயே நின்று, “அப்படி எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை” என்று சொல்லிவந்தேன். ஒரு நாள் அதைக் கேட்ட ஓர் இளம்பெண், அப்படியானால் அது கட்டுக்கதைதானா என்று தன் தந்தையிடம் திரும்பிக் கேட்டார். பாத்திரத்தின் அறியாமை, வரலாறே மறுப்பதைப் போல அவருக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து இப்படிப்பட்ட கேள்வி வந்தால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இப்போது நான் இன்றைய மனிதனாகப் பேசுகிறேன் என்று சொல்லி, ஆவணத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு, மீண்டும் தொப்பியை அணிந்துகொள்கிறேன். நாள் முழுவதும் பாத்திரத்தை விட்டு இறங்காமல் இருப்பதே உயர்ந்தது என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். மக்களின் துயரத்தைப் பற்றிய கேள்விகளில் நான் அவர்களோடு உடன்படவில்லை.

உணவில் நான் செய்த பிழையும் இதே வகைதான். ஒரு முறை முகாமில் இரும்புச் சட்டியில் மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்துக் கோழிக்கறி செய்தேன். 1747-இல் லண்டனில் அச்சான ஹன்னா கிளாஸின் சமையல் நூலிலேயே இந்திய முறைக் கறி இருக்கிறதே என்பது என் வாதம். கூட்டம் அலைமோதியது. அன்று முழுவதும் கறியைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒப்பந்தப் பணியைப் பற்றியோ பிட்ஸ்பர்க்கைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை. லண்டன் வீட்டுச் சமையலறையில் இருந்த மஞ்சள், மலை தாண்டி உப்பையே குதிரை முதுகில் சுமந்துவர வேண்டியிருந்த ஊரில் ஒரு பணியாளரின் கைக்கு எப்படி வரும்? மேற்கே குடியேறியவர்களிடம் ஒரு புஷல் உப்புக்குப் பசுவும் கன்றும் விலையாகக் கொடுத்த காலம் அது. இப்போது வில்லியம் சாப்பிடுவது மக்காச்சோளக் கூழும் உப்பிட்ட பன்றிக்கறியும். சைவம் உண்ணும் நண்பர்கள் யாராவது இதில் இறங்க விரும்பினால், கூழும் பீன்ஸும் வேகவைத்த பூசணியும் எந்தத் தவறும் இல்லாத உணவு என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பெயரைப் பற்றிக் கடைசியாக. விளம்பரங்களில் இருப்பவர்கள் ஜான் நியூட்டன், தாமஸ் கிரீனிச் என்ற பெயர்களில்தான் இருக்கிறார்கள். அவற்றை வைத்தவர்கள் அவர்களுடைய பெற்றோர் அல்லர். காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் நிமிராமலே கேட்டார்: “அந்தப் பையனுக்கு அவங்க அம்மா என்ன பேரு வெச்சிருந்தா?” பத்துப் பதினைந்து பெயர்கள் எனக்குத் தோன்றின. அந்தக் காலத்துச் சென்னப்பட்டணத்து ஆவணங்களில் நீல மையில் எழுதக்கூடிய பெயர்களும் அவற்றில் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதினேன். ஆனால் முகாமில் அதைச் சொல்வதில்லை. உன் உண்மையான பெயர் என்ன என்று பார்வையாளர் கேட்டால், “இந்த ஊரில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை ஐயா” என்று வில்லியம் சொல்லிவிட்டு, கத்தியைத் திருப்பித் தோல்வாரின் மறுபக்கத்தில் தீட்டத் தொடங்குவார்.